கென்னடி கொலை வேன் டூர், டல்லாஸ்: மாமனாரோடு மூணு மணி நேரம்

டல்லாஸ் பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். ஊரிலிருந்து யாராவது வந்தால் இரண்டாவது வாரமே காட்டுவதற்கு இடம் தீர்ந்துபோகும். கோயிலுக்குப் போயாச்சு, ஃபோர்ட் வொர்த்தில் நீளக் கொம்பு மாடுகள் தெருவில் நடப்பதைப் பார்த்தாச்சு, மாமியார் காஸ்ட்கோவில் பாதாம் மூட்டை வாங்கியாச்சு. மிச்சம் இருப்பது கென்னடியைச் சுட்ட இடம்தான். சுட்ட கட்டடத்திலேயே இருக்கும் ஆறாம் மாடி மியூசியத்துக்கு விருந்தாளிகளோடு ஏற்கெனவே மூன்று தடவை போயிருக்கிறேன், அதனால் இந்த முறை மாமனாரை ஒரு வேன் டூரில் கூட்டிப்போனேன். சூடு நடந்த டீலி பிளாசாவில் ஆரம்பித்து, அவரைக் கொண்டுபோன பார்க்லேண்ட் மருத்துவமனை வரை போய், அங்கே கென்னடியைப் பார்த்த டாக்டர்கள் என்ன சொன்னார்கள், பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர்கள் என்ன சொன்னார்கள், இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்பதை விளக்குவோம் என்று விளம்பரம். மூன்று மணி நேரம், ஆளுக்கு 60 டாலர், டிப்ஸ் தனி. கம்பெனி பெயரைப் போடவில்லை. கைடு மோசமான மனிதர் இல்லை, அவர் பிழைப்பில் மண் போட வேண்டாம்.

நான் ஏன் இந்த டூரைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் குறைகள் எங்கிருந்து வருகின்றன என்று புரியும். சென்னையில் ஆறு வருடம் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் பார்த்தவன் நான். அமெரிக்க டாக்டர்கள் டிக்டேட் செய்வதைக் காதில் ஹெட்போன் மாட்டி ராத்திரி முழுக்கத் தட்டச்சு செய்வது. வலது காலில் ஆபரேஷன் என்று ஆரம்பித்து மூன்றாவது பத்தியில் இடது கால் என்று முடிக்கும் டாக்டர்களை வாரத்துக்கு ஒருவராவது கேட்டிருப்பேன். மாமனார் முப்பத்திரண்டு வருடம் போலீஸ், எஸ்.எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவர். காயச் சான்றிதழ், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், சீல் வைத்த துணி மூட்டை இவற்றோடேயே வாழ்ந்தவர். ஆக இந்த வேனில் ஏறிய ஒன்பது பேரில் நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் வில்லங்கமான வாடிக்கையாளர்கள்.

வேனைப் பற்றி முதலில். சுத்தம், ஏசி நன்றாக இருக்கிறது, ஜன்னல் பெரிசு. ஆளுக்கொரு ஹெட்செட் கொடுக்கிறார்கள், அதில் மாமாவுடையது ஒரு காதில் மட்டும்தான் கேட்டது, மாற்றிக் கேட்டதற்கு உபரி இல்லை என்றார்கள். சரி, போகட்டும், ஒரு காதுக்கு நான் இருந்தேன்.

எல்ம் தெருவில் இறக்கிவிடுகிறார்கள். 1963 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை மதியம் 12:30, திறந்த கார், பக்கத்தில் மனைவி ஜாக்குலின், கென்னடிக்கு நேர் முன்னால் இருந்த இருக்கையில் டெக்சாஸ் கவர்னர் கானலி. தார் ரோட்டில் குண்டு பட்ட இடம் என்று பெருக்கல் குறி போட்டிருக்கிறது, அது நகராட்சி போட்டதில்லை, யாரோ போடுவது. பச்சை விளக்கு மாறுவதற்குள் நடுரோட்டுக்கு ஓடிப்போய் அந்தக் குறிமேல் நின்று இரண்டு விரலைக் காட்டி செல்ஃபி எடுக்கிறார்கள். மாமா அதைப் பார்த்துவிட்டு, "ஸ்ரீபெரும்புதூர்ல இப்படி ஒருத்தன் பண்ணியிருந்தா அடி விழுந்திருக்கும்" என்றார். புல்மேட்டில் ஏறி, வேடிக்கை பார்க்க வந்த ஸப்ரூடர் என்பவர் நின்று சூட்டைப் படம் எடுத்த கான்கிரீட் மேடையைப் பார்த்தோம். எட்டு எம்.எம். ஃபிலிம், மொத்தம் 26 வினாடி, 486 ஃபிரேம், அதில் 313-வது ஃபிரேமில் தலையில் குண்டு. அமெரிக்கப் பொதுமக்கள் அந்தப் படத்தை டிவியில் ஓடவிட்டுப் பார்க்க 1975 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. இதையெல்லாம் கைடு நன்றாகவே சொன்னார், குரலும் நல்ல குரல், ரேடியோ நாடகம் மாதிரி.

முதல் குறை இங்கேதான். எல்லோரையும் மறுபடி வேனில் ஏற்றி, அந்த இடத்தை மெதுவாகக் கடக்கும்போது ஸ்பீக்கரில் மூன்று தடவை துப்பாக்கிச் சத்தம் போட்டார்கள். முன் அறிவிப்பு கிடையாது. பின் சீட்டில் நான்கு வயதுக் குழந்தை வீறிட்டு அழுதது. மாமா பழக்கதோஷத்தில் என் தலையைப் பிடித்துக் கீழே அமுக்கினார். அவருடைய மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் வளைந்துவிட்டது. இதற்கு ஒரு நட்சத்திரம் கழித்துவிட்டேன்.

அப்புறம் ஸ்டெம்மன்ஸ் நெடுஞ்சாலையில் பார்க்லேண்டை நோக்கி. இந்தப் பகுதிக்காக மட்டுமே அறுபது டாலர் கொடுக்கலாம். அன்றைக்கு அந்தக் கார் பறந்த அதே திசை, ஏறக்குறைய நான்கு மைல். வழியில் அன்று மதியச் சாப்பாட்டுக்கு அவர் போயிருக்க வேண்டிய டிரேட் மார்ட் வருகிறது. அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து காத்திருந்தார்கள், கார் அந்த வழியாகவே வேகமாகப் போய்விட்டது. இப்படி ஒரே நேர்கோட்டில் பார்க்கும்போதுதான் எவ்வளவு கொஞ்ச நேரத்தில் எல்லாம் நடந்திருக்கிறது என்று உறைக்கிறது. 12:30-க்குச் சூடு, ஒரு மணிக்கு மரணம் என்று அறிவிப்பு. இடையில் இருக்கும் அரை மணியில் ஆஸ்பத்திரிக்குள் கிடைத்தது இருபது சொச்சம் நிமிடம். அந்த இருபது சொச்சம் நிமிடத்தில் பார்த்ததை வைத்துத்தான் அறுபது வருடச் சண்டை.

பார்க்லேண்டில் உள்ளே விடமாட்டார்கள், அது இயங்கும் ஆஸ்பத்திரி. பழைய கட்டடத்துக்கு எதிரே புதுசு கட்டி 2015-ல் மாறிவிட்டார்கள். கென்னடியை வைத்துப் பார்த்த முதலாம் விபத்துச் சிகிச்சை அறையும் அங்கே இல்லை. எழுபதுகளில் ஆஸ்பத்திரியைப் புதுப்பித்தபோது அந்த அறையின் சாமான்களை மத்திய அரசு வாங்கிக்கொண்டது, இப்போது கான்சாஸ் மாநிலத்தில் ஒரு நிலத்தடிக் காப்பகத்தில் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஆக நீங்கள் பார்ப்பது ஒரு கட்டடத்தின் வெளிச்சுவர், ஒரு பார்க்கிங், அவ்வளவுதான். வேனை நிறுத்தி, கைடு லேமினேட் செய்த தாள்களைக் கையில் கொடுத்தார்.

அந்தத் தாள்கள்! உண்மையாகச் சொல்கிறேன், டூரின் உயிரே அதுதான், ஆனால் கைடு அவற்றைப் படிக்கக் கொடுத்த நேரம் மூன்று நிமிடம். கென்னடி இறந்த அன்றைக்கே பார்க்லேண்ட் டாக்டர்கள் கையால் எழுதிய குறிப்புகளின் நகல்கள். நரம்பியல் அறுவை நிபுணர் கெம்ப் கிளார்க் எழுதியது ஒன்று. ராபர்ட் மெக்லெலண்ட் அன்று மாலை 4:45-க்கு எழுதியது ஒன்று. மெக்லெலண்ட் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு ஆறு வருடத் தூக்கமின்மை ஞாபகம் வந்தது. அதில் மரணத்துக்குக் காரணம் இடது நெற்றிப்பொட்டில் குண்டுக் காயம் என்று எழுதியிருக்கிறார். இடது! பிரேதப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸப்ரூடர் படம் எல்லாம் பெரிய சேதம் தலையின் வலது பக்கம் என்கின்றன, அவரே நான்கு மாதம் கழித்துச் சாட்சி சொல்லும்போது வலது பின்பக்கம் என்றுதான் சொன்னார். பக்கத்தில் நின்ற மயக்க மருந்து டாக்டர் காட்டியதைத் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று பிற்பாடு விளக்கம் கொடுத்தார். சதி என்று நம்புகிறவர்கள் சிலர் இந்த 'இடது' வார்த்தையைப் பிடித்துக்கொண்டு முன்னால் இடதுபக்கம் இன்னொரு துப்பாக்கி என்கிறார்கள். எனக்கு இது வாரத்துக்கு ஒரு தடவை வருகிற தப்பு. கைடு இந்த விஷயத்தை வாயே திறக்கவில்லை. ஏனென்றால் அடுத்த பத்து நிமிடம் மெக்லெலண்டைத்தான் தவறே செய்யாத சாட்சியாகக் காட்டப் போகிறார்.

சண்டையின் சாரத்தை டூரில் சொன்னதைவிடக் கொஞ்சம் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் தொண்டை. சார்லஸ் காரிகோ என்ற இளம் டாக்டர்தான் முதலில் பார்த்தவர், கழுத்தின் முன்பக்கம் சின்ன வட்டக் காயம், சில மில்லிமீட்டர்தான். அடுத்து வந்த மால்கம் பெர்ரி மூச்சுக்குழாயைத் திறக்க வேண்டும், திறக்க வேண்டிய இடத்திலேயே காயம் இருக்கிறது, அதன் வழியாகவே கத்தியை வைத்தார். உயிரைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும் ஆள் வேறென்ன செய்வார். ஆனால் அந்த வெட்டோடு அசல் காயம் போய்விட்டது. அன்று பிற்பகலே நிருபர்கள் முன்னால் நின்று அது குண்டு உள்ளே நுழைந்த காயம் மாதிரி இருந்தது என்று பெர்ரி ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சொன்னார். முன்பக்கம் நுழைந்தது என்றால் சுட்டவன் முன்னால் நின்றிருக்க வேண்டும், பின்னால் புத்தகக் கிடங்கின் ஆறாம் மாடியிலிருந்து சுட்டதாக அரசு சொன்ன ஆஸ்வால்ட் மட்டும் என்றால் கணக்கு இடிக்கும். 1964 மார்ச்சில் கொலையை விசாரித்த வாரன் கமிஷன் முன்னால் வந்தபோது அதே பெர்ரி, நுழைந்த காயமாகவும் இருக்கலாம், வெளியேறிய காயமாகவும் இருக்கலாம் என்றார். கைடு இதை "மிரட்டி மாற்ற வைத்தார்கள்" என்று ஒரே வரியில் முடித்தார். நிர்ப்பந்தம் இருந்திருக்கலாம், ஆனால் முதல் நாள் சொன்னதே ஒரு ஊகம்தான். பின் முதுகில் இன்னொரு ஓட்டை இருப்பது பெர்ரிக்குத் தெரியவே தெரியாது. பார்க்லேண்டில் ஒருவரும் உடலைத் திருப்பிப் பார்க்கவில்லை.

இதை மாமாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னதும், "மல்லாக்கப் போட்டதோட சரியா? குப்புறப் போட்டுப் பாக்கலையா?" என்று கேட்டு நெற்றியில் கை வைத்தார். அப்புறம் அவராகவே, "உசுரக் காப்பாத்துற நேரத்துல எவன் மாப்பிள்ளை குப்புறப் போடுவான்" என்றார்.

அடுத்தது தலை. பார்க்லேண்டில் பலர், டாக்டர்களும் நர்ஸுகளும், தலையின் பின்பக்கம் வலதுபுறம் பெரிய பள்ளம் இருந்தது என்றார்கள். கிளார்க்கும் மெக்லெலண்டும் சிறுமூளைத் திசுவே வெளியே தெரிந்தது என்கிறார்கள். சிறுமூளை பின்னால் அடியில் இருக்கும் சமாச்சாரம், அது தெரிந்ததென்றால் ஓட்டை பின்பக்கம். பின்பக்கம் பெரிய ஓட்டை என்றால் குண்டு முன்னாலிருந்து வந்து பின்னால் வெளியேறியது என்று வாதம் போகிறது. ஆனால் பிரேதப் பரிசோதனைப் படங்களில் பின்மண்டை தோல் முழுசாக இருக்கிற மாதிரித் தெரிகிறது, பெரிய சேதம் வலதுபக்கம் மேலே. கைடு இந்த இடத்தில் குரலைத் தாழ்த்தி, படங்கள் போலி என்றார். 1988-ல் பார்க்லேண்ட் டாக்டர்கள் நான்கு பேர் ஒரு டிவி நிகழ்ச்சிக்காகக் காப்பகத்தில் அசல் படங்களைப் பார்த்துவிட்டு வந்தார்கள். தாங்கள் பார்த்ததோடு முரண்படவில்லை என்ற ரீதியில்தான் பேசினார்கள். பின்னால் தொங்கிய தோல் மடலை யாரோ மேலே இழுத்துப் பிடித்திருக்கிறார்கள் என்று மெக்லெலண்டே விளக்கினார். ஆனால் அவர் பின்பக்கப் பள்ளம் என்பதைக் கடைசிவரை விடவில்லை, குண்டு முன்னாலிருந்து வந்தது என்ற நம்பிக்கையையும் விடவில்லை. 2019-ல் காலமானார். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தானே கேட்கிறவனுக்கு நியாயம்?

இந்தப் படங்களைத்தான் கைடு பெரிய சைஸில் பிரிண்ட் போட்டு, குழந்தை இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் வேனுக்குள் சுற்றிலும் கொடுத்தார். அந்தக் குழந்தையின் அம்மா கண்ணை மூடிவிட்டு வாங்காமலேயே அடுத்த சீட்டுக்குத் தள்ளினார். இரண்டாவது நட்சத்திரம் அங்கே போனது.

மாமா படத்தை வாங்கினார், அரை நிமிடம் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார். "படத்த விடு. சட்டை எங்க? துணியில ஓட்டை எங்க இருக்குன்னு கேளு." நான் கேட்டேன். கைடு முதல் தடவையாகக் கொஞ்சம் உற்சாகமாகி, தன் கோட்டுக் காலரிலிருந்து முதுகில் கட்டைவிரலால் அளந்து காட்டினார். கோட்டில் இருக்கும் ஓட்டை காலர் மேல் விளிம்பிலிருந்து 5⅜ அங்குலம் கீழே. அது முதுகு, கழுத்து இல்லை. அவ்வளவு கீழே நுழைந்த குண்டு, ஆறாம் மாடியிலிருந்து கீழ்நோக்கி வந்தது, எப்படித் தொண்டை வழியாக வெளியேறும் என்பதுதான் கேள்வி. கோட்டு மேலே சுருண்டிருந்தது, அன்றைய புகைப்படங்களில் அந்தச் சுருக்கம் தெரிகிறது என்பது பதில். வாரன் கமிஷன் அறிக்கையில் இந்தக் காயம் கழுத்தின் பின்பக்கம் என்று வந்தது. வரைவில் முதுகு என்று இருந்ததைக் கழுத்து என்று திருத்தச் சொன்னவர் கமிஷன் உறுப்பினர் ஜெரால்ட் ஃபோர்டு, பிற்பாடு ஜனாதிபதி ஆனவரேதான், அந்தத் திருத்தம் 1997-ல் வெளியே வந்தது. தெளிவுக்காகச் செய்தேன் என்றார். மாமா என் சட்டைக் காலரைப் பிடித்து முதுகில் விரல் வைத்து, நான் குனிந்தால் எங்கே வருகிறது, நிமிர்ந்தால் எங்கே வருகிறது, கையைத் தூக்கினால் எவ்வளவு ஏறுகிறது என்று வேன் நடுவில் ஒரு சோதனையே செய்துவிட்டார். கையைத் தூக்கினால் ரெண்டு விரற்கடை ஏறுகிறது, சோதித்துப் பாருங்கள். மற்ற பயணிகளுக்கு இதுதான் டூரில் பிடித்த பகுதி என்று நினைக்கிறேன், இரண்டு பேர் வீடியோ எடுத்தார்கள்.

அப்புறம் பிரேதப் பரிசோதனை நடந்த பெத்தெஸ்டா. நியாயமாகப் பார்த்தால் போஸ்ட்மார்ட்டம் டல்லாஸிலேயே நடந்திருக்க வேண்டும். ஜனாதிபதியைக் கொல்வது அப்போது மத்திய அரசுச் சட்டத்தில் தனிக் குற்றமே இல்லை, அந்தச் சட்டம் 1965-ல்தான் வந்தது. ஆகவே இது டெக்சாஸ் மாநிலக் கொலை வழக்கு, உடல் இங்கேதான் இருக்க வேண்டும் என்று டல்லாஸ் கவுண்டி மருத்துவப் பரிசோதகர் எர்ல் ரோஸ் பார்க்லேண்டின் நடைக்கூடத்தில் வழிமறித்து நின்றார். ஜனாதிபதிக்குப் பாதுகாப்புக் கொடுக்கும் ரகசிய சேவைக்காரர்கள் அவரைத் தாண்டிச் சவப்பெட்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். தடயவியல் பரிசோதனையைத் தொழிலாகவே செய்த ஆள் அவர். கைடு ரோஸுக்கு ஒதுக்கியது ஒரு வாக்கியம். மாமா அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார்: "அந்தாளு நின்னது சரி. அவரு கையில குடுத்திருந்தா இந்த வேனே இருந்திருக்காது."

அன்று இரவு வாஷிங்டனுக்குப் பக்கத்தில் பெத்தெஸ்டா கடற்படை மருத்துவமனையில் ஜேம்ஸ் ஹியூம்ஸ், தார்ன்டன் பாஸ்வெல் என்ற இரண்டு பேர் ஆரம்பித்தார்கள். நோயியல் படித்தவர்கள், ஆனால் குண்டுக் காயத் தடயவியல் அவர்கள் தினசரி வேலை இல்லை. கைடு இதில் ஒரு பொய்யும் சேர்த்தார், அறையில் இருந்த எவருக்கும் துப்பாக்கிக் காயம் பற்றித் தெரியாது என்று. பியர் ஃபிங்க் என்ற ராணுவ டாக்டரை அதற்காகவே வரவழைத்தார்கள், வந்து சேர்ந்தபோது மூளையை எடுத்துவிட்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம். முதுகுக் காயத்தில் விரலை விட்டுப் பார்த்தார்கள், பாதை போகவில்லை. குண்டு எங்கே போயிற்று என்று குழம்பிக்கொண்டிருக்கிறார்கள், தொண்டையில் இருப்பது மூச்சுக்குழாயைத் திறக்கப் போட்ட வெறும் டிரக்கியாஸ்டமி வெட்டு என்று நினைக்கிறார்கள். மறுநாள் காலையில் ஹியூம்ஸ் பெர்ரிக்குப் போன் போட்ட பிறகுதான் அங்கே ஒரு குண்டுக் காயம் இருந்தது என்று தெரிகிறது, அதற்குள் உடல் கையை விட்டுப் போய்விட்டது. கழுத்தை அறுத்துப் பாதையைப் பார்த்திருந்தால் அரை மணி வேலை. ஏன் செய்யவில்லை என்று 1969-ல் நியூ ஆர்லியன்ஸ் நீதிமன்றத்தில் ஃபிங்க்கைக் கேட்டார்கள், செய்யவேண்டாம் என்று சொல்லப்பட்டது, யார் சொன்னது என்று ஞாபகமில்லை என்றார்.

முதுகுக் காயத்தின் இடத்தை அவர்கள் அளந்த விதம் எனக்கு இன்னும் தாங்கவில்லை. வலது தோள் முனையிலிருந்து 14 சென்டிமீட்டர், வலது காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு மேட்டிலிருந்து 14 சென்டிமீட்டர். தலையை இப்படி அப்படித் திருப்பினால் காது எலும்பு நகரும் ஐயா! முதுகெலும்பின் கணுவை எண்ணி எழுதியிருந்தால் நான் இன்றைக்கு வேனில் உட்கார்ந்திருக்க மாட்டேன். தலையில் குண்டு நுழைந்த இடமும் இதே கதிதான், 1968-ல் படங்களையும் எக்ஸ்ரேயையும் வைத்துப் பார்த்த நான்கு நிபுணர்கள் அது ஹியூம்ஸ் சொன்ன இடத்திலிருந்து ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் மேலே என்றார்கள். ஒரு மண்டையில் பத்து சென்டிமீட்டர் என்பது பக்கத்துத் தெரு மாதிரி. வாரன் கமிஷனுக்கு அந்தப் படங்களை வைத்துச் சாட்சி சொல்லக்கூட ஹியூம்ஸுக்கு வாய்ப்பில்லை, அவர் வாயால் சொல்லக் கேட்டு ஒரு கடற்படை ஓவியர் வரைந்த படங்கள்தான் போயின. மூளை இருந்த பாத்திரம் 1966-லிருந்தே காப்பகக் கணக்கில் இல்லை. சி.ஐ.ஏ. திருடியது என்று கைடு அடித்துச் சொன்னார், அவர் எடுத்தவனைப் பார்த்த மாதிரி.

1978-ல் நாடாளுமன்றக் குழு மைக்கேல் பேடன் தலைமையில் ஒன்பது தடயவியல் நிபுணர்களை உட்காரவைத்தது. பிரேதப் பரிசோதனை மோசம் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை, ஆனாலும் இரண்டு குண்டும் பின்னாலிருந்துதான் என்றார்கள். ஒரே குண்டு கென்னடியின் முதுகு, தொண்டை, கானலியின் நெஞ்சு, மணிக்கட்டு, தொடை எல்லாவற்றையும் துளைத்தது என்ற வாரன் கமிஷன் வக்கீல் ஆர்லன் ஸ்பெக்டரின் வாதத்தை எட்டுப் பேர் ஏற்றார்கள், சிரில் வெக்ட் மட்டும் மாட்டேன் என்றார். கைடு வெக்ட் பெயரை ஐந்து தடவை சொன்னார், மற்ற எட்டுப் பேர் இருந்ததையே சொல்லவில்லை. நான் கேட்டதற்கு, "கேள்வி நேரம் கடைசியில்" என்றார். கடைசியில் டிப்ஸ் டப்பா வந்தது, கேள்வி நேரம் வரவில்லை.

என் மொத்தக் குறையே இதுதான். இது சதியா இல்லையா என்று நான் சண்டை போட வரவில்லை. பார்க்லேண்ட் ஆட்கள் வேலை காயத்தை அளப்பது இல்லை, உயிரைப் பிடிப்பது. பெத்தெஸ்டா ஆட்கள் வேலை அளப்பது, அதை அவர்கள் சரியாகச் செய்யவில்லை. கைடு முதல் கூட்டத்தைக் கடவுளாக்கி இரண்டாவது கூட்டத்தைத் திருடர்களாக்கி விற்கிறார். விற்பதற்கு அது சுலபம், வேன் நிறைகிறது. ஆனால் கையில் அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு இப்படிச் செய்வதுதான் கோபம் வருகிறது.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். பழைய வழி, தாள்கள், வேன் ஏசி, இவற்றுக்கு மூன்று. சின்னக் குழந்தையோடு போகாதீர்கள். முன் வரிசையில் வலதுபக்கம் உட்காருங்கள், எல்ம் தெருவில் கிடங்குக் கட்டடம் பின்னால் திரும்பினால் நன்றாகத் தெரியும். தாள்கள் கைக்கு வந்ததும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அவர் தடுக்கவில்லை. மியூசியத்தை முதலில் பார்த்துவிட்டு மதியம் இந்த வேனில் ஏறினால் கைடு எங்கே கதை விடுகிறார் என்று உங்களுக்கே பிடிபடும்.

திரும்பும்போது ஒரு நாலு மைல் மாமா எம்.ஜி.ஆரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். 1967-ல் எம்.ஆர். ராதா சுட்டது, கழுத்துக் கட்டோடு அவர் ஆஸ்பத்திரிப் படம் தேர்தல் போஸ்டராக ஒட்டப்பட்டது, அப்போது இவருக்குப் பத்து வயதாம். அப்புறம் அமைதியாகிவிட்டார். வீடு வரும் நேரத்தில், "அந்த ஹியூம்ஸு குறிப்பெல்லாம் எங்க வச்சிருக்காங்க, பாக்க முடியுமா?" என்றார். கைடு இதைச் சொல்லாமல் விட்டிருந்தார், நான்தான் சொன்னேன். வீட்டுக் கணப்பில் போட்டு எரித்துவிட்டார், எரித்தேன் என்று A63-272 பரிசோதனை எண் போட்டுச் சான்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். ரத்தக் கறை பட்ட காகிதம், லிங்கன் உட்கார்ந்திருந்த கறை பட்ட நாற்காலியைக் காட்சிக்கு வைத்த மாதிரி இதையும் வைத்துவிடுவார்கள் என்று பயந்தேன் என்றார். வீட்டில் உட்கார்ந்து எழுதிய முதல் வரைவையும் சேர்த்து எரித்தார், அதில் ரத்தமே இருக்க வாய்ப்பில்லை, அது ஏன் என்று 1996-ல் கேட்டபோது ஒழுங்கான பதில் வரவில்லை.

"அவர் மேல நடவடிக்கை?"

"ஒண்ணும் இல்ல மாமா. அப்புறம் கேப்டனாகித்தான் ரிட்டயர் ஆனார்."

மாமா சீட் பெல்ட்டைக் கழற்றினார். "எனக்கு ஜெனரல் டைரியில ஒரு பக்கம் டீ கொட்டிக் கிழிஞ்சதுக்குச் சார்ஜ் மெமோ குடுத்தானுங்க மாப்பிள்ளை, ரெண்டு வருசம் இன்கிரிமென்ட் போச்சு" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை இன்னொரு தடவை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டு இறங்கினார்.